கார்டைக் கழற்றும் முன்



இயந்திரம் நின்று ஐந்து நிமிடம் ஆவதற்குள் ஆலைத் தளத்தில் ஒரு தீர்ப்பு வந்துவிடும். "சார், கார்டு போயிருச்சுங்க." பேனல் கதவைத் திறந்து, இயந்திரத்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎல்சியின் கார்டுகளில் எரியும் விளக்குகளை ஒரு தரம் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் சொல்லிவிடுவார். உடனே ஸ்டோருக்கு ஆள் ஓடும். அங்கே இல்லையென்றால் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போன் போகும். புதிய கார்டு வந்து, மாட்டி, அப்போதும் இயந்திரம் ஓடாமல் நிற்கும்போதுதான் கோளாறு எங்கே என்று தேடும் வேலையே தொடங்கும்.

இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். பிஎல்சி கோளாறு என்று நாம் எழுதி வைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை பிஎல்சிக்கு வெளியே இருக்கின்றன. சென்சாரில் இருக்கின்றன, வயரில் இருக்கின்றன, டெர்மினலில் இருக்கின்றன, 24 வோல்ட் சப்ளையில் இருக்கின்றன. கார்டே உண்மையில் கெட்டுப்போயிருந்தாலும், அதைக் கெடுத்தது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று. அது எது என்று தெரியாமல் புதிய கார்டை மாட்டினால், அந்தக் கார்டும் அதே வழியில்தான் போகும்.

பின்வரிசையில் இருக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் ஐடிஐ படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "பிஎல்சி எல்லாம் இன்ஜினியர் சமாச்சாரம், நாம கை வைக்கக் கூடாது" என்று உங்களில் பலர் ஒதுங்கி நிற்கிறீர்கள். அந்தக் கருவி பிறந்ததே உங்களுக்காகத்தான். 1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக் பிரிவு, கார்களுக்குத் தானியங்கி கியர்பெட்டி செய்யும் பிரிவு, ஒரு தேவைப் பட்டியலைத் தயாரித்தது. அதுவரை ஆலைகளை ஓட்டியவை ரிலே பேனல்கள். கார் மாடல் மாறும்போதெல்லாம் அந்தப் பேனல்களின் வயர்களை எல்லாம் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். அது முடியாமல் பேனலையே தூக்கிப் போட்டதும் உண்டு. புதிய கருவி எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் இரண்டு விஷயம் முக்கியம். ஆலையின் சூடு, தூசி, அதிர்வு எல்லாவற்றையும் தாங்க வேண்டும். பழுது பார்ப்பது எளிதாக இருக்க வேண்டும், செருகிக் கழற்றும் பகுதிகளாக இருந்தால் நல்லது. மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பெட்ஃபோர்டில் டிக் மார்லியும் அவருடைய பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் கூட்டாளிகளும் இதற்காகச் செய்த கருவி மோடிகான் 084. அந்த நிறுவனத்தின் 84ஆவது திட்டம் என்பதால் அந்த எண். 1969இல் அது ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனது. காற்றாடி கிடையாது, தேய்ந்துபோகும் பாகம் கிடையாது. நிரலையும் ரிலே வரைபடம் போலவே ஏணிப்படியாக எழுதும் முறை வந்தது. அந்த வரைபடத்தை அன்றாடம் படித்துக்கொண்டிருந்த ஆலை எலக்ட்ரீஷியனுக்குப் புரிய வேண்டும் என்பதுதான் காரணம்.

ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் ஒரு சிறு விளக்கு வைத்திருப்பதும் அதே அக்கறையால்தான். அந்த விளக்கை எப்படிப் படிப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

ஒரு அவுட்புட் எப்படி வெளியே வருகிறது என்று பாருங்கள். சிபியூ எல்லா இன்புட்டுகளையும் படிக்கிறது, நிரலை மேலிருந்து கீழாக ஒரு முறை ஓட்டுகிறது, விடைகளை அவுட்புட் கார்டுக்கு அனுப்புகிறது. சில மில்லிசெகண்டுகளில் இது முடிந்து மறுபடி தொடங்கும். கார்டுக்குள் வந்த கட்டளை ஆப்டோகப்ளர் வழியாகப் போய் ஒரு டிரான்சிஸ்டரையோ ரிலேயையோ இயக்கும். பல கார்டுகளில் விளக்கு இருப்பது ஆப்டோகப்ளருக்கு இந்தப் பக்கம், கட்டளை வரும் பக்கம். அதாவது அந்த விளக்கு, தபால் கவுண்டரில் கொடுக்கும் ரசீது. கடிதம் புறப்பட்டது என்பதற்குத்தான் அது சாட்சி. போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. உள்ளே ஃபியூஸ் போயிருக்கலாம், ரிலே காண்டாக்ட் கருகியிருக்கலாம், பொது முனைக்கு வரும் 24 வோல்ட் இல்லாமல் இருக்கலாம். அப்போதும் விளக்கு எரியும். ஆகவே உங்கள் ஆலையில் இருக்கும் கார்டின் கையேட்டில் உள்ளமைப்புப் படத்தை எடுத்து, விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்புட் கார்டிலும் இப்படித்தான். சிலவற்றில் வயரில் வோல்ட் வந்ததும் விளக்கு எரியும், சிலவற்றில் உள்ளே சுற்று அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் எரியும்.

ஒரு சாயப்பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் துணி உள்ளே இருக்கிறது. தண்ணீர் வால்வு திறக்க வேண்டிய கட்டம். பிஎல்சியில் அந்த அவுட்புட்டின் விளக்கு எரிகிறது, வால்வு திறக்கவில்லை. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் ஷேடு மாறிவிடுமோ என்ற பயம். மேனேஜர் பின்னாலேயே நிற்கிறார். "கார்டு போச்சு" என்று ஒருவர் சொல்லியும் ஆகிவிட்டது.

கார்டின் முனையில் மீட்டரை வைத்தார்கள். 24 வோல்ட். அந்த நொடியே கார்டின் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். அடுத்து சோலனாய்டுக்குப் போய், பிளக்கைக் கழற்றி, அதன் கால்களில் வைத்துப் பார்த்தார்கள். அங்கும் 24. அப்படியானால் காயில்தான் என்று காயிலின் மின்தடையை அளந்தால் 58 ஓம். 10 வாட் காயிலுக்கு அது சரியான அளவு. வோல்ட் இருக்கிறது, காயில் நன்றாக இருக்கிறது, வால்வு மட்டும் அசையவில்லை. இந்த முட்டுச்சந்தில் நிற்கும்போது பலரும் மறுபடி கார்டுக்கே திரும்பிவிடுவார்கள். அங்கிருந்த வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் திரும்பவில்லை. பிளக்கைத் திரும்ப மாட்டி, மூடியை மட்டும் எடுத்துவிட்டு, காயிலில் கரண்ட் ஓடும்போதே மீட்டரை வைத்தார். 6 வோல்ட்.

இதில் மாயம் எதுவும் இல்லை. நம் கையில் இருக்கும் டிஜிட்டல் மீட்டரின் உள்மின்தடை பொதுவாக 10 மெகா ஓம். அது கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். பச்சை பிடித்துப் போன ஒரு இணைப்பு வழியாகவும் அதற்கு 24 வோல்ட் வந்து சேர்ந்துவிடும். காயில் அப்படியல்ல, அதற்கு 0.4 ஆம்பியர் வேண்டும். அவ்வளவு கரண்டைக் கேட்டதும் பழுதான இணைப்பிலேயே 18 வோல்ட் விழுந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: காயிலில் 6 வோல்ட் என்றால் ஓடும் கரண்ட் 0.1 ஆம்பியர் அளவுதான். 0.1 ஆம்பியரில் 18 வோல்ட் விழ வேண்டுமென்றால் வழியில் எங்கோ 170 ஓமுக்கு மேல் மின்தடை உட்கார்ந்திருக்கிறது. அவர் மீட்டரோடு பின்னோக்கி நடந்தார். இயந்திரத்தின் பக்கத்தில் இருந்த ஜங்ஷன் பாக்ஸில், டெர்மினலின் ஒரு பக்கம் 24, மறு பக்கம் 6. நீராவியும் கெமிக்கல் புகையும் கேபிள் கிளாண்டு வழியாக உள்ளே போய்ச் செம்பைத் தின்றிருந்தன. வயரைப் புதுச் செம்பு தெரியும் வரை வெட்டி, ஃபெரூல் அடித்து, டெர்மினலை மாற்றி, கிளாண்டை இறுக்கியதும் வால்வு திறந்தது. சுமை ஓடும்போதே அளக்கும் பழக்கம் அவருக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததல்ல. ரிலே பேனல் காலத்திலிருந்து வந்தது. பிஎல்சி வந்த பிறகு அந்தப் பழக்கம் தேவையில்லை என்று நாம்தான் நினைத்துக்கொண்டோம்.

பாதையை நடுவில் பிரிப்பது அடுத்த பழக்கம். சென்சாரிலிருந்து ஜங்ஷன் பாக்ஸ், அங்கிருந்து பேனல் டெர்மினல், கார்டின் முனை, கார்டு, பின்தளம், சிபியூ. இந்தப் பாதையில் பேனல் டெர்மினல்தான் நல்ல நடுப்புள்ளி. அங்கே சிக்னல் சரியாக இருந்தால் வெளியே தேட வேண்டாம், இல்லையென்றால் உள்ளே தேட வேண்டாம். ஒரே அளவீட்டில் பாதிப் பாதை கழிந்துவிடும்.

அளக்கத் தொடங்கும் முன்பே பிஎல்சியின் முகத்தைப் பார்த்து நிறையச் சொல்லலாம். ஒரே ஒரு புள்ளி மட்டும் செத்திருந்தால் கோளாறு பெரும்பாலும் அந்த வயரின் மறுமுனையில். பக்கத்துப் பக்கத்தில் எட்டுப் புள்ளிகள் சேர்ந்து செத்திருந்தால் அவற்றின் பொது முனையைப் பாருங்கள், அங்கே ஒரு ஃபியூஸோ தளர்ந்த திருகோ இருக்கும். கார்டு முழுவதும் இருண்டிருந்தால் கார்டுக்கு வரும் சப்ளை அல்லது பின்தள இணைப்பு. ஒரு ரேக் முழுவதும் என்றால் அதன் பவர் சப்ளை அல்லது தகவல் கேபிள். எட்டுத் தனித்தனி சென்சார்கள் ஒரே நொடியில் கெட்டுப்போவதில்லை.

இன்புட் பக்கம் ஒரு குழப்பமான பகுதி உண்டு. பிஎல்சிக்கான பன்னாட்டுத் தரம் ஐஈசி 61131-2. அதன்படி 24 வோல்ட் முதல்வகை இன்புட்டுக்கு 15 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஆன், 5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஆஃப். இரண்டுக்கும் நடுவில் கார்டு என்ன செய்யும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. இன்று ஆன் என்று எடுக்கும், நாளை மழைக்காலத்தில் ஆஃப் என்று எடுக்கும். "சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் செய்யலை" என்று நீங்கள் சொல்லும் கோளாறுகளில் பல இந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன. இரண்டு வயர் புராக்ஸிமிட்டி சென்சாரில் இதுவே வேறு உருவத்தில் வரும். அந்தச் சென்சார் தன் உள்சுற்றுக்கு வேண்டிய கரண்டை அதே இரண்டு வயர்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே ஆஃப் நிலையிலும் அதில் ஒரு மில்லி ஆம்பியர் அளவில் கசியும். எளிதில் ஆன் ஆகும் கார்டில் மாட்டினால் எதிரே இரும்பு இல்லாதபோதும் விளக்கு மங்கலாக எரியும். இதற்குச் சென்சாரும் பொறுப்பில்லை, கார்டும் பொறுப்பில்லை. இன்புட்டுக்கும் பொது முனைக்கும் நடுவே பொருத்தமான ஒரு ரெசிஸ்டரைப் போட்டால் தீரும். மூன்று வயர் சென்சாருக்கு மாறினால் இன்னும் நல்லது.

கோளாறைக் காட்டிக்கொடுப்பதில் அனலாக் சிக்னல் நமக்கு ரொம்ப உதவியாக இருக்கிறது. 4-20 மில்லி ஆம்பியர் என்று வைத்ததற்கு முக்கியமான காரணம், பூஜ்ய அளவுக்கும் 4 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும் என்பதே. தொட்டி காலியாக இருந்தால் 4. வயர் அறுந்தால் 0. இரண்டையும் ஒன்றாக நினைக்க வழியே இல்லை. நாமூர் என்ற ஐரோப்பியத் தொழில் அமைப்பின் பரிந்துரையில் 3.6க்குக் கீழேயும் 21க்கு மேலேயும் போனால் கருவியில் கோளாறு என்று பொருள். கார்டில் வயர் முறிவைக் கண்டறியும் வசதி இருந்தும் அதை இயக்கி வைக்காத ஆலைகளை நிறையப் பார்க்கிறேன். எஸ்7-300 வகை பிஎல்சியின் அனலாக் கார்டில் அதை இயக்கி வைத்தால், வயர் அறுந்ததும் மதிப்பு 32767 என்று உச்சத்துக்குப் போய் நிற்கும். முழு அளவு 27648தான். இரண்டு எண்ணும் தெரிந்தவருக்குத் திரையைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிடும்.

இனி கார்டை உண்மையிலேயே கொல்பவற்றுக்கு வருகிறேன். முதல் குற்றவாளி நம் சோலனாய்டும் கான்டாக்டரும்தான். காயிலில் ஓடும் கரண்டைத் திடீரென்று நிறுத்தினால் அது எதிர்த்திசையில் சில நூறு வோல்ட்டை எழுப்பும். 24 வோல்ட்டுக்குச் செய்த டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறையும் அந்த அடியைத் தாங்கிக்கொண்டே இருந்து ஒருநாள் விட்டுவிடும். ரிலே அவுட்புட் என்றால் ஒவ்வொரு திறப்பிலும் தீப்பொறி, காண்டாக்ட் மெல்லக் கருகும். டிசி காயிலின் குறுக்கே ஒரு டையோடு, ஏசி காயிலின் குறுக்கே ஒரு ஆர்சி சப்ரஸர். சொற்ப விலைதான். இதைப் போடாமல் வருடத்துக்கு வருடம் அவுட்புட் கார்டு வாங்கும் ஆலைகள் இருக்கின்றன என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. டையோடை மாட்டும்போது திசையைப் பாருங்கள், தலைகீழாக மாட்டினால் அது நேரடி ஷார்ட்.

ரிலே காண்டாக்ட் கருகுவதைவிட ஒட்டிக்கொள்வது ஆபத்து. விளக்கு அணைந்திருக்கும், நிரலும் ஆஃப் என்று சொல்லும், ஆனால் காண்டாக்ட் பற்றிக்கொண்டு வால்வைத் திறந்தே வைத்திருக்கும். விளக்கை நம்பி உள்ளே கை விடுபவருக்கு இதில் என்ன ஆகும் என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கனமான சுமை எதையும் கார்டில் நேரடியாகக் கட்டாமல், நடுவே ஒரு மெல்லிய ரிலேயை வைத்து ஓட்டுங்கள். கெட்டால் அந்த ரிலே கெடட்டும், அரை நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

இரண்டாவது குற்றவாளி வெப்பம். எஸ்7-300 கிடைமட்டமாக மாட்டினால் 60 டிகிரி வரை தாங்கும் என்கிறது கையேடு. செங்குத்தாக மாட்டினால் 40 டிகிரிதான். மே மாதத்தில் நம் ஊர் நிழலிலேயே 40 டிகிரி. நூற்பாலையில் பஞ்சுத் தூசி பேனல் ஃபில்டரைக் கம்பளி போல் மூடிவிடும், உள்ளே ஏசி டிரைவும் சேர்ந்து சூடேற்றிக்கொண்டிருக்கும். இதில் முதலில் மூப்படைவது பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. கெப்பாசிட்டர் வற்றிய பவர் சப்ளை, மீட்டரில் 24 வோல்ட் காட்டிக்கொண்டேதான் இருக்கும். மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றி அதே முனைகளில் வையுங்கள், டிசியின் மேல் சவாரி செய்யும் அலை தெரியும். நான்கைந்து சோலனாய்டுகள் ஒன்றாக இழுக்கும் நொடியில் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று மீட்டரின் மின்-மேக்ஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். சிபியூவுக்கும் அவுட்புட்டுகளுக்கும் தனித்தனி சப்ளை கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு மீட்டரை எடுக்கும் முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: எப்போது? மதியம் இரண்டு மணிக்கு மேல் என்றால் வெப்பம், அல்லது சூட்டில் விரியும் இணைப்பு. விடியற்காலை இயந்திரத்தைக் கிளப்பும்போது என்றால் ஈரம், பேனல் ஏசியிலிருந்து சொட்டும் நீர். பக்கத்துக் கம்ப்ரஸர் கிளம்பும்போது என்றால் சப்ளை இறக்கம். ஒரு டிரைவ் வேகம் பிடிக்கும்போது என்றால் மின் இரைச்சல், டிரைவின் மோட்டார் கேபிளும் சிக்னல் கேபிளும் ஒரே டிரேயில் படுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் நீளும்போது மட்டும் என்றால் அதோடு சேர்ந்து வளையும் கேபிளுக்குள் ஒரு இழை அறுந்திருக்கும். இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர் இயந்திரத்தை ஓட்டும் ஆபரேட்டர். நாம் அவரிடம் கேட்பதே இல்லை. "அண்ணே, இது எப்ப எப்ப நிக்குது?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள்.

சிபியூ தானே நின்றுவிட்டால் பல பேர் முதலில் செய்வது மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. தயவுசெய்து அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். எந்த விளக்கு சிவப்பாக எரிகிறது, எது மினுக்குகிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் இருந்தால் டயக்னாஸ்டிக் பஃபரைத் திறந்து படியுங்கள். என்ன நடந்தது, எந்த நேரத்தில், எந்தக் கார்டில் என்று சிபியூ தானே எழுதி வைத்திருக்கும். எஸ்7-300இல் ஒரு தூரத்து ஸ்டேஷன் தொடர்பு அறுந்தால் சிபியூ ஓபி 86 என்ற பகுதியைத் தேடும். நிரலில் அது எழுதப்படவில்லை என்றால் சிபியூ ஸ்டாப்புக்குப் போய்விடும். அங்கே சிபியூவை மாற்றினால் என்ன பயன்? கோளாறு இருப்பது தூரத்தில் ஒரு கனெக்டரில்.

அந்தக் கனெக்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புரோஃபிபஸ் என்ற தகவல் வலையின் ஊதாக் கேபிளில் இரண்டு கோடிகளிலும் டெர்மினேஷன் சுவிட்ச் ஆன் ஆக இருக்க வேண்டும், நடுவில் எங்கும் ஆன் ஆகக் கூடாது. எல்லாக் கனெக்டர்களையும் கருவிகளிலிருந்து கழற்றிவிட்டு இரண்டு சிக்னல் வயர்களுக்கு நடுவே அளந்தால் 110 ஓம் அருகே வரும், இரண்டு கோடியிலும் உள்ள 220 ஓம்கள் இணையாகச் சேர்வதால். 220 வந்தால் ஒரு கோடி திறந்திருக்கிறது. இன்னொன்று, கோடியில் இருக்கும் கருவிதான் அந்த டெர்மினேஷனுக்கு 5 வோல்ட் தருகிறது. கடைசி இயந்திரத்தைச் சுத்தம் செய்ய ஆஃப் பண்ணினால் வரிசை முழுவதும் தடுமாறுவது இதனால்தான்.

தகவல் வலைக் கோளாறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பதிவான ஒரு நிகழ்வு உண்டு. 2006 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தின் மூன்றாவது அலகை ஆபரேட்டர்கள் கையால் நிறுத்த வேண்டி வந்தது. உலையில் நீரைச் சுழற்றும் இரண்டு பம்புகளும் ஒன்றாக நின்றுவிட்டன. அவற்றின் டிரைவ் கட்டுப்பாட்டுக் கருவிகள், ஈதர்நெட் வலையில் பெருகிய தகவல் நெரிசலால் பதில் சொல்லாமல் போயின. அதே நேரத்தில் அதே வலையில் இருந்த ஒரு பிஎல்சியும் செயலிழந்தது. பிஎல்சி கெட்டதால் நெரிசல் வந்ததா, நெரிசலால் பிஎல்சி கெட்டதா என்று கடைசிவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2007இல் மற்ற நிலையங்களுக்கும் இதைத் தெரிவித்தது. அந்தக் கருவிகளுக்குப் பின்னர் வலைத் தடுப்புச் சுவர் வைத்தார்கள். நம் ஆலைகளில் சிசிடிவி கேமராவும் ஆபீஸ் பிரிண்டரும் பிஎல்சியும் ஒரே சுவிட்சில் தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்வு ஞாபகம் வருகிறது.

எல்லாம் பார்த்த பிறகு கார்டுதான் என்று முடிவானால் மாற்றுங்கள். அதே வகைக் கார்டு பக்கத்தில் இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. கோளாறு கார்டோடு நகர்ந்தால் கார்டு, அதே இடத்தில் நின்றால் வெளியே. இரண்டு இடத்திலும் வயரிங்கும் வோல்ட்டும் ஒரே மாதிரிதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கன்ட்ரோல்லாஜிக்ஸ் போன்ற பிஎல்சிகளில் சப்ளை இருக்கும்போதே கார்டைக் கழற்றலாம், எஸ்7-300இன் சாதாரண ரேக்கில் கூடாது. பழைய பிஎல்சிகளில் நிரல் பேட்டரியின் தயவில் ரேமில் இருக்கும். அங்கே பேட்டரியை மாற்றும்போது சப்ளை ஆன் ஆகவே இருக்க வேண்டும், ஆஃப் பண்ணிவிட்டுக் கழற்றினால் நிரல் போய்விடும். எதைத் தொடும் முன்பும் நிரலின் நகல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் செய்யும்போது ஒரு ஆபத்து எப்போதும் கூடவே நிற்கிறது. ஆட்டோவில் பாதியில் நின்ற இயந்திரம் அணைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது ஒரு சிக்னலுக்காகக் காத்திருக்கிறது. நீங்கள் சென்சாரின் முன் ஸ்க்ரூடிரைவரை நீட்டியதும் அந்தச் சிக்னல் கிடைத்துவிடும், சிலிண்டர் பாயும். கரண்ட்டை நிறுத்தினாலும் குழாயில் காற்று இருக்கும். இப்படிக் கையும் போயிருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. காற்றை வெளியேற்றி, மெயின் சுவிட்சில் உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொண்ட பிறகு உள்ளே போங்கள். சோதனைக்காக வோல்ட் வேண்டுமென்றால் எல்லோரும் வெளியே நின்ற பிறகு கொடுங்கள். கார்டை ஏமாற்ற ஜம்பர் போடுவதும் லேப்டாப்பில் ஃபோர்ஸ் கொடுப்பதும் கோளாறு தேடும் வழிகள்தான். ஆனால் எமர்ஜென்ஸி ஸ்டாப்பிலும் காவல் கதவு சுவிட்சிலும் எந்த அவசரத்திலும், யார் சொன்னாலும், அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு ஜம்பருக்கும் ஒரு சிவப்புச் சீட்டு கட்டுங்கள். ஷிஃப்ட் முடியும் முன் அவற்றை எண்ணிப் பார்த்துக் கழற்றுங்கள், சிபியூவில் ஃபோர்ஸ் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் விட்டுப்போன ஜம்பர் அடுத்த ஷிஃப்டில் வரும் ஒரு தம்பியின் கையில்தான் முடியும்.

முன்வரிசையில் இருக்கும் நிர்வாகிகளிடம் சிலவற்றைக் கேட்க வேண்டும். பிரேக்டவுன் நேரத்தில் பின்னால் நின்று "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்பதால்தான் உங்கள் ஆட்கள் அளக்காமல் கார்டை மாற்றுகிறார்கள். அவர்களுக்கு அளந்து பார்க்கக் கொஞ்ச நேரம் கொடுங்கள், நல்ல மீட்டர் ஒன்றும் கொடுங்கள். இயந்திரம் வாங்கும் ஆர்டரிலேயே எழுதுங்கள்: விளக்கக் குறிப்புகளோடு கூடிய நிரலின் நகல், பாஸ்வேர்டு, உண்மையில் போட்ட வயரிங்கின் வரைபடம் மூன்றும் கிடைத்த பிறகுதான் கடைசித் தவணை. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இயந்திரங்களில் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாமல், வரைபடமும் இல்லாமல், நல்ல எலக்ட்ரீஷியன்கள் கண்ணைக் கட்டிவிட்டது போல் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் குறையல்ல.

ஸ்பேர் கார்டு வாங்கினால் ஃபர்ம்வேர் எண் ஓடும் கார்டோடு பொருந்துகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், இயந்திரம் நின்ற இரவில் பார்க்காதீர்கள். அலமாரியில் இருக்கும் ஸ்பேர் பவர் சப்ளைக்கும் வயதாகிறது. அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் நெடுநாள் மின்சாரம் பார்க்காமல் கிடந்தால் வலுவிழக்கும், ஆகவே வருடத்துக்கு ஒரு முறையாவது அதற்குச் சப்ளை கொடுத்து ஒரு சுமையோடு ஓட்டிப் பார்த்து, தேதி எழுதி ஒட்டி வையுங்கள். பேட்டரியிலும் மாற்றிய தேதியை எழுதுங்கள். பெரும்பாலான ஆலைகளில் அந்த அலமாரியின் சாவி ஸ்டோர் கீப்பரிடம் இருக்கிறது, அவர் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார். இரவு ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் கையிலும் ஒரு சாவி இருக்கட்டும்.